கண்ணகிக்குப் பிணை கிடைக்காது

வைகாசி வந்தால் மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். செட்டிபாளையம், மகிழூர், கல்லாறு என்று ஊர் ஊராகச் சடங்கு நடக்கும். வழக்குரை படிப்பார்கள். கையில் ஒற்றைச் சிலம்போடு அரண்மனைக்குத் தனியாகப் போன ஒரு பெண், எதை விசாரித்து என் புருஷனைக் கொன்றாய் என்று அரசனை மறித்துக் கேட்ட கதை. கேட்டுக் கண் கலங்குவோம். கடைசியில் குளிர்த்தி பாடி அம்மனின் கோபத்தைத் தணிப்போம். திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வருவோம். மறுநாள் காலையில் பிரதேச செயலகத்துக்குப் போய், ஒரு கையெழுத்துக்காக மத்தியானம் வரை வாய் திறக்காமல் நிற்போம்.

அதிகாரத்திடம் கணக்குக் கேட்டவளைத் தெய்வமாகக் கும்பிடுகிற ஊர் இது. கணக்குக் கேட்கிற பக்கத்து வீட்டுப் பொடியனைக் குழப்பக்காரன் என்று சொல்கிற ஊரும் இதுதான்.

அந்த அம்மன் இன்றைக்கு எழுந்து வந்தால் என்ன ஆவாள்? அரண்மனைச் சந்தியிலேயே வீதித்தடை போட்டிருப்பார்கள். சட்டவிரோதமாக ஒன்றுகூடினாள் என்று முதல் குற்றச்சாட்டு. அவள் தனியாகத்தானே வந்தாள் என்று கேட்காதீர்கள். 'குழுவினர்' என்று எழுதியாகிவிட்டது, இனி வெட்டித் திருத்த முடியாது. அரச கடமைக்கு இடையூறு, இரண்டாவது. மதுரை எரிந்த விஷயம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போகும். நீதவான் பிணை கொடுக்க மாட்டார். சிலம்பு தடயப் பொருளாகப் பொலிஸ் களஞ்சியத்துக்குப் போகும். வழக்கு முடிந்து அது வெளியே வரும்போது உள்ளே பரல் இருக்காது.

பாண்டியனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. தவறு தன்னுடையது என்று தெரிந்ததும் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். பழைய காலத்து ஆள். ஆணைக்குழு நியமிக்கத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவர், உறுப்பினர் இரண்டு பேர், ஆறு மாத அவகாசம், அதற்கு மேல் ஆறு மாத நீடிப்பு. அறிக்கை அச்சாகி வரும்போது கோவலன் யாரென்று மதுரையில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. இதெல்லாம் தெரிந்திருந்தால் மனுஷன் பேரப்பிள்ளைகளைக் கண்டிருப்பான்.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. கண்ணகியைப் பத்தினி தெய்யோ என்று தென்னிலங்கையும் கும்பிடுகிறது. வீதித்தடையில் நிற்கிற இன்ஸ்பெக்டரும் அவளுக்கு நேர்த்தி வைத்தவராக இருக்கலாம். அரசாங்கத்துக்கும் குளிர்த்தி செய்யத் தெரியும். அவர்கள் அதை நீர்த்தாரை வண்டியால் செய்கிறார்கள்.

எங்களுக்குப் புத்தி சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. "சட்டம் எண்டா சட்டம்தான் தம்பி." "மேல இருக்கிறவங்க யோசிக்காமலா போட்டிருப்பாங்க?" "நமக்கேன் வம்பு?" முப்பது வருடம் மேலதிகாரிக்கு 'ஓம் சேர்' சொல்லியே ஓய்வூதியம் எடுத்தவர்கள் இதைச் சொல்லும்போது, குரலில் ஒரு ஞானி இருப்பார். கேள்வி கேட்டால் ஒழுங்கு கெட்டுவிடுமாம். கீழ்ப்படிந்தால் நாடு முன்னேறுமாம்.

நல்லது. கீழ்ப்படிந்தோமே. என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

2021 மே மாதம் ஒரு வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. பத்து ஆண்டில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதிய அதே ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, அந்தப் பத்து ஆண்டையும் ஒரு கையெழுத்தில் முடித்தார். பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே இது சரிவராது என்றார். விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து அவரை நீக்கினார்கள். உணவுத் தட்டுப்பாடு வரும் என்று விவசாய அமைச்சின் செயலாளரே டிசம்பரில் வாய் திறந்தார். அவரையும் உடனே பதவி நீக்கினார்கள். பயிரைப் பற்றிப் படித்தவனுக்கே இந்த மரியாதை என்றால், படுவான்கரை வட்டையில் சேற்றுக்குள் நிற்கிறவன் கேட்டு என்ன ஆகப் போகிறது?

அவன் கீழ்ப்படிந்தான். மாட்டெரு அள்ளினான். கிளிசரியா இலை வெட்டிக் கூட்டெரு போட்டான். உன்னிச்சைத் தண்ணீரும் நவகிரித் தண்ணீரும் வழக்கம் போல வந்தன. நெல் வழக்கம் போல வரவில்லை. மஞ்சளாக நின்ற பயிரைப் பார்த்து, 'முதல் போகம் அப்படித்தான் இருக்கும், மண் பழக வேண்டும்' என்று தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார்கள். மண்ணுக்கு வகுப்பு எடுத்த ஒரே அரசாங்கம் அது. நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்தாகிவிட்டது.

இதற்கிடையில் சீனாவிலிருந்து ஒரு கப்பல். பெயர் ஹிப்போ ஸ்பிரிட். உள்ளே இருந்தது 20,000 தொன் சேதனப் பசளை. பரிசோதித்ததில் அதில் பயிருக்குக் கேடான பக்டீரியா இருக்கிறது என்று நம் விஞ்ஞானிகளே திருப்பி அனுப்பச் சொன்னார்கள். கப்பல் கரைக்கு வரவில்லை. ஒரு மூட்டை இறங்கவில்லை. 2022 ஜனவரியில் அந்தக் கம்பனிக்கு 67 இலட்சம் டொலர் கட்டினோம். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் டொலர் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற காலம் அது. வராத எருவுக்குக் காசு கட்டிய நாடு உலகத்தில் வேறு இருந்தால் சொல்லுங்கள், நட்புறவு ஒப்பந்தம் போடலாம்.

பிறகு விவசாயிக்கு 4,000 கோடி ரூபா நட்டஈடு என்று அறிவிப்பு வந்தது. யாருடைய காசு? உங்களுடையது. என்னுடையது. கட்டளை போட்டவர் 2022 ஜூலை 13ஆம் திகதி விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். கீழ்ப்படிந்தவர்கள் பசளைக் கடைக்கும் வட்டிக்காரனுக்கும் கடன்பட்டு இங்கேயே இருந்தார்கள். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், நாட்டின் பொருளாதாரத்தை நாசமாக்கியதில் ராஜபக்ஷ சகோதரர்களுக்கும் அவர்களுடைய அதிகாரிகளுக்கும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அபராதம் இல்லை. சிறை இல்லை. மனுதாரருக்கு வழக்குச் செலவு ஒன்றரை இலட்சம் ரூபா. ஒரு நாட்டை வீழ்த்துவதற்கு விலை அவ்வளவுதான். வாவியில் தங்கூசி வலையோடு பிடிபடுகிற தோணிக்காரனுக்கு வலையும் போகும், தோணியும் போகும், நாலு தவணை நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டும்.

அடுத்த கட்டளையைப் பற்றிப் பகிடி விட என்னால் முடியாது. 2020 ஏப்ரலில் வந்தது. கொரோனாவில் இறந்த எவரையும் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும். புதைத்தால் நிலத்தடி நீர் கெடுமாம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றது. உலகமே புதைத்தது. எங்கள் நாட்டில் மட்டும் வைரஸ் தண்ணீருக்குள் இறங்கி நீந்தும் என்று ஒரு நிபுணர் குழு சொன்னது. காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் தங்கள் மையித்துகளைக் கொடுத்தன. 270க்கு மேற்பட்ட முஸ்லிம்களை எரித்தார்கள். 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை, தாயும் தகப்பனும் சம்மதிக்காமலேயே எரித்தார்கள். சட்டம் என்றால் சட்டம்தான், இல்லையா?

2021 பெப்ரவரி கடைசியில் இன்னொரு வர்த்தமானி. புதைக்கலாம். விஞ்ஞானம் மாறியதா? இல்லை. பாகிஸ்தான் பிரதமர் வந்து போனார். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் கூட்டத்தொடர் தொடங்கியிருந்தது. சரி, எங்கே புதைப்பது? முதலில் இரணைதீவு என்றார்கள். அந்தச் சனம் எதிர்த்தது. பிறகு மட்டக்களப்பு மாவட்டம், ஓட்டமாவடி, மஜ்மா நகர். நாட்டின் நாலா பக்கமிருந்தும் மையித்துகள் வாகனத்தில் அங்கே வந்தன. ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கு மேல். கொழும்பின் நிலத்தடி நீர் கெடும், ஓட்டமாவடியின் நிலத்தடி நீர் கெடாது. இதை எந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளை அனுப்பலாம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டதோடு கோப்பை மூடினார்கள். அந்த நிபுணர்களில் ஒருவரையாவது யாராவது கூப்பிட்டு, எந்த ஆய்வை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டதாகச் செய்தி வரவில்லை. மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டி அமைதியாகக் கேட்டவர்கள்தான் அன்றைக்குக் குழப்பக்காரர்கள்.

இனி மறுபக்கம். கீழ்ப்படிந்ததை விடுங்கள். சட்டப்படி நடந்துகொள்ளுங்கள் என்று கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மயிலத்தமடு, மாதவணை. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சல் தரை. மாரியில் இங்கே வயல் விதைத்தால் மாடுகளை அங்கே கொண்டு போவார்கள்; வெள்ளாமை வெட்டிய பிறகு திருப்பிக் கொண்டு வருவார்கள். செங்கலடி, சித்தாண்டி, கிரான் பக்கத்துப் பண்ணையாளர் ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. 2020இலிருந்து வெளி மாவட்டத்துக்காரர் வந்து அந்தத் தரையை வெட்டி உழுது விதைக்கத் தொடங்கினார்கள். மாடுகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தன. சுருக்குக் கம்பியில் செத்தன. மின்கம்பியில் செத்தன. 2023 ஆகஸ்டில் நிலைமையைப் பார்க்கப் போன சர்வமதத் தலைவர்களையும் பத்திரிகையாளர்களையும் அங்கேயே மணிக்கணக்கில் மறித்து வைத்தார்கள்.

மாடு செத்தவர் என்ன செய்வார்? நல்ல பிரஜை, பொலிசுக்குப் போவார். சாரம், தோளில் துவாய், பொலித்தீன் பைக்குள் மாட்டின் உரிமைச் சீட்டு, போனில் வெட்டுப்பட்ட மாட்டின் படம். காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்து, சப்பாத்து இல்லாத காலோடு வாசலில் நிற்பார். எந்த நிலையம் என்று வேண்டாம். எல்லா இடமும் ஒரே நாடகம்தான்.

"மாத்தயா, நம்மட மாட்டை வெட்டிப் போட்டாங்க."

"எங்க?"

"மயிலத்தமடு."

"அது மகாவலி. மகாவலிக்குப் போய்ச் சொல்லுங்க."

"போனன் மாத்தயா. அவங்கதான் பொலிசுக்குப் போகச் சொன்ன."

"யார் வெட்டின? பேர் தெரியுமா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே மாத்தயாட்ட வந்திருக்கன்."

அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். இது கேள்வி. கேள்வி கேட்கிற ஆள். பிறகு மெதுவாகப் புத்தகத்தை இழுத்து, சிங்களத்தில் எழுதத் தொடங்குவார். எழுதி முடித்துத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், நீ சொன்னதுதான் என்பார். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் சொன்னது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும் என்று 1988இல் பதினாறாம் திருத்தம் சொன்னது. அதாவது, அந்த மேசையில் அந்த நேரத்தில் அரசியலமைப்பை மீறிக்கொண்டிருப்பவர் சாரம் கட்டியவர் இல்லை. ஆனால் கையெழுத்து வைக்கிறவர் அவர்தான்.

பிரதேச செயலகம் மகாவலி அதிகார சபையைக் காட்டும். மகாவலி பொலிசைக் காட்டும். பொலிஸ் கொழும்பைக் காட்டும். மாட்டைக் கொன்றவனை மட்டும் ஒருவரும் காட்ட மாட்டார்கள். மாவட்டத்துக்கு அப்போது இரண்டு இராஜாங்க அமைச்சர்கள் இருந்தார்கள். அரசோடு சேர்ந்தால்தான் அபிவிருத்தி என்று சொல்லிப் போனவர்கள். அபிவிருத்தி வந்தது. அவர்களுடைய வாகனத் தொடருக்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021இலும் 2022இலும் பால்மாவுக்கு இந்த நாடு வரிசையில் நின்றது. டொலர் கொடுத்து நியூசிலாந்தின் பாலைத் தூளாக வாங்கிக் கரைத்துக் குடிக்கிற நாடு, சொந்த மாட்டின் புல்லைப் பிடுங்குகிறது. பிடுங்கும்போது அதற்கும் உணவு உற்பத்தி என்றுதான் பெயர் வைக்கிறது.

2023 செப்டெம்பர் 15ஆம் திகதி பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டகை போட்டுக் குந்தினார்கள். என்ன கேட்டார்கள்? தனி நாடா? அமைச்சர் பதவியா? சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைச் சட்டப்படி வெளியேற்றுங்கள் என்றார்கள். ஒக்டோபரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மட்டக்களப்புக்கு வந்தபோது, வீதியில் நின்று அதையே அவரிடம் சொல்லப் பார்த்தார்கள். பொலிஸ் மறித்தது. பிறகு நீதிமன்ற அழைப்பாணைகள் வந்தன. குடியேறியவர்களுக்கு இல்லை, வீதியில் நின்றவர்களுக்கு. நவம்பரில் அவர்களுக்கு ஆதரவாக வந்து திரும்பிய பல்கலைக்கழக மாணவர் ஆறு பேரைக் கைது செய்தார்கள்.

அந்த ஒக்டோபரிலேயே அத்துமீறியவர்களை வெளியேற்றும்படி ஜனாதிபதியும் பணித்தார். நீதிமன்றமும் வெளியேற்றச் சொன்னது. நாட்டின் முதல் பிரஜையும் நீதிபதியும் ஒரே வார்த்தையைச் சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம். ஒன்றும் அசையவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் ஓராண்டு நிறைவையும் அங்கேயே இருந்து கண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், ஐயா. மாடு மேய்க்கிறவன் ஜனாதிபதி சொன்னபடி செய்யுங்கள் என்கிறான். நீதிமன்றம் சொன்னபடி செய்யுங்கள் என்கிறான். அவன் கலகக்காரன். ஜனாதிபதி சொன்னதையும் நீதிமன்றம் சொன்னதையும் செய்யாமல் இருக்கிற உத்தியோகத்தர் சட்டத்தின் காவலர். சட்டத்தை மதி என்று எங்களுக்குப் பிரசங்கம் செய்கிறவர்களே, இதில் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவன் யார்?

உத்தரவு நகராத நாடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சில உத்தரவுகளுக்குச் சிறகு உண்டு. 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நீதி கேட்டுச் சனம் நடந்தபோது, அடுத்த ஊருக்குக் கால் போகும் முன்னர் தடையுத்தரவு அங்கே போய் நின்றது. பெயர்கள் எழுதி, முத்திரை குத்தி, வாசிக்க ஆளும் தயாராக. அதே ஆண்டு மே 18ஆம் திகதி, கல்குடாப் பொலிஸ் பிரிவில் கடற்கரையொன்றில் போரில் இறந்தவர்களை நினைத்து விளக்கேற்றிய பத்துப் பேரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். டிசம்பரில்தான் வெளியே வந்தார்கள். ஒரு விளக்குக்கு ஏழு மாதம்.

அந்தச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1979 ஜூலையில் வந்தது. மூன்று ஆண்டுக்கு மட்டும் என்றார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிட்டு வா என்று ஜே.ஆர். ஜயவர்தன ஒரு பிரிகேடியருக்குக் கடிதம் கொடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1982இல் மூன்றாண்டுச் சட்டத்தை நிரந்தரமாக்கினார்கள். ஆனால் அதன் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' இன்றைக்கும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. பெயரை மாற்றக்கூட ஒருவருக்கும் அவகாசம் இல்லை. அதை நீக்குவோம் என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்களும், நீக்குகிறோம் என்று ஜெனீவாவில் சொன்னவர்களும் ஆட்சிக்கு வந்து போனார்கள். சட்டம் இருந்தது. அது போதாதென்று 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய் என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. தேர்தல் மேடையில் பேசியவர்களே பொய்யைப் பிடிக்க ஆள் வைக்கிறார்கள்.

இத்தனை சட்டங்களும் எல்லோரையும் பிடிக்கும் என்று யாராவது நினைத்தால், மட்டக்களப்பு மங்களராமய விகாராதிபதி அம்பிட்டிய சுமணரத்ன தேரரைப் பாருங்கள். 2016 நவம்பரில் ஒரு தமிழ்க் கிராம சேவகரைப் பொலிசார் பக்கத்தில் நிற்கும்போதே தகாத வார்த்தையால் திட்டினார். நாடு முழுக்க அந்த வீடியோவைப் பார்த்தது. கிராம சேவகர் யார்? அரசாங்கத்தின் கடைசி விரல். விதிப்படி தன் கடமையைச் செய்யப் போனவர். அதிகாரத்தை மதிக்க வேண்டும் என்ற போதனை அந்த நேரத்தில் எந்தப் பொலிஸ்காரரின் ஞாபகத்துக்கும் வரவில்லை. 2023 ஒக்டோபரில் அதே தேரர், தமிழர்களை வெட்டுவோம் என்று பகிரங்கமாகப் பேசினார். விளக்கேற்றியவர்களைப் பிடிக்க ஓடிய கால்கள் அன்று ஓடவில்லை. சட்டம் எண்டா சட்டம்தான் தம்பி.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். எங்கள் முதுகை வளைத்தது கொழும்பு மட்டுமில்லை. மண்முனைத் துறையில் பாலம் வருவதற்கு முன்னர், 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். எழுவான்கரையில் இராணுவத்துக்கு அடையாள அட்டை. படுவான்கரையில் புலிகள் இயக்கத்துக்குப் பதில். பகலில் ஒருவருக்கு வரி, இரவில் இன்னொருவருக்கு. வீட்டுக்கொரு பிள்ளை கேட்டபோது ஏன் என்று கேட்ட தாய்மார்கள் என்ன பட்டார்கள் என்று படுவான்கரைக்குத் தெரியும். இரண்டு பக்கமும் எங்களுக்குப் படிப்பித்த பாடம் ஒன்றுதான்: வாயை மூடு, உயிரோடு இரு. உயிரோடு இருந்தோம். 2014இல் பாலம் வந்தது. பாடம் போகவில்லை.

அதனால்தான் இன்றைக்கும் கச்சேரியில் வரிசையில் நிற்கிறவன், தன் பெயர் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்காமல், நாளைக்கு வரச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறான். நாளைக்கு வருகிறான். உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருப்பார். அவன் கேட்க வேண்டியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது, காட்டுங்கள். அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதுவும் இந்த நாட்டுச் சட்டம்தான். அதற்கும் அதிகாரி கீழ்ப்படிய வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் பிறகு கொழும்பில் ஆணைக்குழு. உருப்படியாக இருக்கிற ஒரு சில ஆணைக்குழுக்களில் அது ஒன்று.

எனவே நண்பர்களே, சட்டத்தை மீறச் சொல்லி நான் உங்களைத் தூண்டவில்லை. வழக்கறிஞருக்குக் கட்ட என்னிடம் காசும் இல்லை. கீழ்ப்படியுங்கள். உங்கள் வீட்டு வாசலுக்குத் தடையுத்தரவோடு பொலிஸ் வந்தால், வாங்கிக்கொள்ளுங்கள். கதிரை போடுங்கள். தேத்தண்ணி கொடுங்கள். பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "சேர், மயிலத்தமட்டில வெளியேறச் சொன்ன உத்தரவு இருக்கே, அதை எப்ப கொண்டு போய்க் குடுத்தீங்க?" தமிழில் கேளுங்கள். பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.